தூசி கிளப்பாத கால்

கராத்தே மாஸ்டர் தொழிலில் அடி வாங்குவது ஒரு கஷ்டமே இல்லை. பார்க்கிற ஆளெல்லாம் "எங்கே, ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க" என்பார்களே, அதுதான் கஷ்டம். கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால்கூட விடமாட்டார்கள். பக்கத்து இலைக்காரர் அப்பளத்தைக் காட்டி, "இதைக் கைபடாம ஒடைப்பீங்களா மாஸ்டர்?" என்று கேட்டதுண்டு. டைப்ரைட்டிங், ஹிந்தி, தையல் என்று எதையாவது நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்குப் புரியும்.

எண்பதுகளில் கொஞ்ச காலம் திண்டுக்கல்லில் ஒரு சைக்கிள் கடை மாடியில் கராத்தே வகுப்பு நடத்தினேன். அந்த நாட்களில் சிரிப்பும் உண்டு, சொல்கிறேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது முத்தையாவுக்காக. நல்ல சிநேகிதன் ஒருவனை என் வாயாலேயே எப்படித் தொலைத்தேன் என்பதுதான் விஷயம். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது.

பாவுக்குப் பக்கத்தில்

நான் அப்போது பூட்டுப் பட்டறையில் அரம் போட்டுக்கொண்டிருந்தவன். முத்தையா சின்னாளபட்டியில் தறி நெய்கிறவன். இரண்டு பேருக்கும் ஒரே வயது. அவன் ஆறு வருஷம் ஞாயிறு தவறாமல் மதுரைக்கு பஸ் ஏறிப் போய் கராத்தே கற்று, பிரவுன் பெல்ட் வரை வந்திருந்தான். கறுப்பு பெல்ட்டுக்கு மெட்ராஸ் போய் மூன்று நாள் தங்கிப் பரீட்சை கொடுக்க வேண்டும். "தறியில சேலை நிக்கிதுலே, அறுத்துக் குடுத்துட்டுப் போறேன்" என்பான். அந்தச் சேலையை நெய்து அறுப்பதற்குள் அடுத்த சேலைக்கான பாவு நூல் தயாராகிவிடும். கடைசி வரை அவன் போகவில்லை.

அவன் தெருவில் காலையில் நீளமாகப் பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள். அந்த நேரத்தில் தெருவில் வண்டி, சைக்கிள் எதுவும் வராது. அதனால் அதுதான் எங்கள் பயிற்சி நேரம். பாவுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் கிடக்கிற சந்துதான் எங்கள் பயிற்சிக் கூடம். பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்போம். கஞ்சி காயாத நூலில் தூசி ஒட்டினால் அந்த வீட்டுக்காரர்களின் உழைப்பு போச்சு. ஆகவே காலைத் தூக்கித் தொப்பென்று வைக்கக் கூடாது. உள்ளங்காலைத் தரையோடு தரையாக நகர்த்தி, சத்தமில்லாமல் முன்னே போக வேண்டும். "தூசி கிளம்புச்சுன்னா அது அடியே இல்ல" என்பது முத்தையாவின் சட்டம்.

நான் ஆரம்பத்தில் சட்டத்துக்குக் கட்டுப்படுகிற ஆளா? ஒரு நாள் எகிறிக் குதித்து ஓர் உதை விட்டேன். குப்பென்று புழுதி கிளம்பியது. பாவில் பிரஷ் போட்டுக்கொண்டிருந்த பாக்கியத்தம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "ஏப்பா பட்டறைக்காரரு, சண்டைன்னா பறந்து பறந்துதான் போடணுமா? இதுல ஒரு இழை அந்துச்சு, ஒன்னையத்தான் ஒக்காத்தி வச்சு முடிச்சுப் போடச் சொல்லுவேன், பாத்துக்க!"

பினாங்கில் துடைத்த தரை

என் தாய்மாமா பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பகலில் அரிசி நிறுக்கலாம், சாயங்காலம் வெளிநாட்டுக் கராத்தே கற்கலாம். வழியனுப்ப வந்த முத்தையா என் தோளைத் தட்டி, "ஒழுங்காக் கத்துக்கிட்டு வந்து எங்க எல்லாத்துக்கும் சொல்லிக் குடுலே" என்றான். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒருத்தன் போகிறான் என்றுதான் அவன் நினைத்தான்.

அங்கே போனால், மரப்பலகைத் தரை போட்ட ஒரு கூடம். சொல்லிக் கொடுத்தவர் லிம் என்ற கார் மெக்கானிக். என்னை விட ஐந்து வயது மூத்தவர் இருக்கலாம். நம்ம ஊர் பெல்ட்டெல்லாம் அங்கே செல்லாது என்று மறுபடியும் வெள்ளை பெல்ட் கட்டிவிட்டார்கள். முதல் மாதம் முழுக்க ஈரத் துணியால் தரை துடைத்தேன். அடுத்த இரண்டு மாதம் குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி சும்மா நின்றேன். பறந்து அடிப்பது, ஓடு உடைப்பது, ஐஸ் கட்டியைப் பிளப்பது எதுவும் கிடையாது. பதினோரு மாதம் இருந்தேன், பச்சை பெல்ட் வாங்கினேன். அவ்வளவுதான் என் வெளிநாட்டுப் படிப்பு.

ஆனால் ஒரு நாள் ஒன்று நடந்தது. முப்பது பேர் தடதடவென்று பலகை அதிரப் போய்க்கொண்டிருந்தோம். லிம் கையைத் தட்டி எல்லோரையும் நிறுத்தினார். என்னை மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தனியாகப் போகச் சொன்னார். போனேன். ஒரு சத்தம் இல்லை. அவர் மலாய் மொழியில் என்னவோ கேட்டார். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து கற்றுக்கொண்டிருந்த சுப்ரமணியம் எனக்குத் தமிழில் சொன்னார்: "உங்க காலு மாதிரி இங்க யாருக்கும் இல்லைங்கிறாரு. ஊர்ல யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேக்குறாரு. அந்த ஆள விட்டுட்டு இங்க எதுக்கு வந்தீங்கன்னும் கேக்குறாரு."

பெட்டி பிரித்த நாள்

வெளிநாட்டிலிருந்து வந்தவன் பெட்டி பிரிக்கிற நாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தெருவே கூடிவிடும். அக்காவுக்கு நைலக்ஸ் சேலை, மச்சானுக்கு டார்ச் லைட், பக்கத்து வீட்டுக்குச் சோப்பு, எதிர்த்த வீட்டுக்குப் பிளாஸ்டிக் பூ. முத்தையாவுக்கு ஒரு தைலக் குப்பி. அவன் குப்பியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவன் எதிர்பார்த்து வந்தது வேறு. கூட்டம் கலைகிற வரைக்கும் ஓரமாக நின்றுவிட்டு, பிறகு மெல்லக் கேட்டான்: "அங்க என்ன சொன்னாங்க? நம்ம பழகுனதெல்லாம் சரிதானாமா?"

லிம் சொன்னது என் நாக்கு நுனியில்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வாயைத் திறந்தேன். ஆனால் அதைச் சொன்னால் என் பயணம் என்ன ஆகும்? கடல் தாண்டிப் போய்ப் பதினோரு மாதம் தரை துடைத்து, கடைசியில் சின்னாளபட்டித் தெருவில் கற்றதுதான் உசத்தி என்று கேட்டுவிட்டு வந்தேன் என்றா சொல்வது? அட மடப்பயலே, சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "எல்லாத்தையும் மொதல்லருந்து திருத்த வேண்டியிருந்துச்சுடா. கஷ்டப்பட்டுட்டேன்."

 முத்தையா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அப்ப நான் ஒனக்குத் தப்புத் தப்பாவா சொல்லிக் குடுத்துட்டேன்? மன்னிச்சுக்கலே சந்திரா."

பச்சை பெயின்ட்

ஒரு பொய் சொன்னவனுக்கு இரண்டாவது பொய் தானாகவே வரும். பட்டறைக்குத் திரும்பிப் போகக் கூச்சமாக இருந்தது. சைக்கிள் கடை மாடியைப் பிடித்து, போர்டு எழுத பெயின்டரை வரவழைத்தேன். 'மலேசியா ரிட்டர்ன் மாஸ்டர் சந்திரன்' என்று சிவப்பில் பெரிதாக எழுதினார். கீழே கராத்தே உடையில் ஒரு உருவம் வரைந்தார். மூக்கு மட்டும் என் மூக்கு, மற்றதெல்லாம் யாருடையதோ. இடுப்பில் பெல்ட் வரைகிற இடத்தில் பிரஷை நிறுத்திவிட்டு, "என்ன கலருண்ணே?" என்று கேட்டார்.

"பச்சை" என்றேன். அந்த ஒரு நிமிஷம் நான் யோக்கியன்தான், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயின்டர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஏணியிலிருந்து குனிந்து சொன்னார்: "பச்சை தீந்துபோச்சுண்ணே. கறுப்பாவே போட்டு விட்ரவா? பஸ்ல போறவனுக்கும் எடுப்பாத் தெரியும்."

சந்தைக்கு முன்னால் ஒரே ஓர் அடி

போர்டு மாட்டியதும் கூட்டம் வந்தது. அய்யலூர்ச் சந்தையில் ஆடு வாங்கி விற்கிற ஒரு வியாபாரி வந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள். கற்றுக்கொள்ளாமலே என்னைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போடலாம். சந்தை நெரிசலில் யாரோ அவர் ஆட்டைக் கயிற்றை அறுத்து ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்களாம். ஒரு வாரத்துக்குள் ஓர் அடி, ஒரே ஓர் அடி மட்டும் வேண்டும் என்றார். "மலேசியா அடியா இருந்தா நல்லது" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்.

எனக்குத் தெரிந்த மலேசியா முறைப்படி முதலில் நேராக நிற்கவும், எதிராளிக்குக் குனிந்து வணக்கம் சொல்லவும் கற்றுக் கொடுத்தேன். மூன்று நாள் வணக்கம் சொன்னார். நாலாம் நாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மாடிப்படியில் நின்று அவர் சொன்னது: "நான் குனிஞ்சு கும்புட்டு நிமிர்றதுக்குள்ள அவன் ஆட்ட வடமதுரைக்கே ஓட்டிக்கிட்டுப் போயிருவான் மாஸ்டரு!"

நெய்க்காரப்பட்டிக்காரரின் சந்தேகம்

தேங்காய் லோடோடு திண்டுக்கல் வந்த நெய்க்காரப்பட்டி விவசாயி ஒருவர், போர்டைப் பார்த்து மேலே ஏறி வந்தார். மகனைச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்தவர். வெகு மரியாதையான மனிதர். செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டுவிட்டு வந்தார். மூலையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வகுப்பைக் கண் கொட்டாமல் பார்த்தார். நானும் சும்மா இல்லை. "இந்தக் கால் வைப்பு பினாங்கிலே மட்டும்தான் சொல்லித் தருவாங்க" என்று அளந்து விட்டேன். உள்ளங்காலைத் தரையோடு நகர்த்துவதைத்தான் அப்படிச் சொன்னேன்.

எழுந்து போகும்போது, என்னைச் சங்கடப்படுத்த வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், ஒரு சந்தேகம் கேட்டார்: "ஏனுங்க மாஸ்டர், போன வாரம் சின்னாளபட்டிக்குச் சேலை எடுக்கப் போயிருந்தனுங்க. அங்க தெருவுல ஒருத்தரு இதையேதானுங்க சொல்லிக் குடுத்துட்டு இருந்தாரு. அவரும் பினாங்குல படிச்சவருங்களா?"

கணேசன் சொன்ன சேதி

இது சிரிக்கிற சம்பவம் இல்லை. ஒரு நாள் காலையில் கணேசன் வந்து நின்றான். முத்தையாவிடம் என்னோடு சேர்ந்து பழகிய பன்னிரண்டு பேரில் ஒருத்தன், அவனும் தறிக்காரன்தான். என் வகுப்பில் சேர வந்திருப்பதாகச் சொன்னான். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. முத்தையாவை விட்டு என்னிடம் ஆள் வருகிறதே! ஆனாலும் வெளியே பெரிய மனுஷன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "முத்தையா கோவிச்சுக்க மாட்டானா?" என்று கேட்டேன்.

கணேசன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அண்ணன்தான் போகச் சொன்னாரு. 'நான் சொல்லிக் குடுக்குறது தப்பாம்ப்பா, சந்திரன் திருத்திக்கிட்டு வந்துருக்கான், அங்க போயிருங்க'ன்னாரு. இன்னும் அஞ்சு பேரு கீழ நிக்கிறாங்க."

சீமை ஓடு

ஓடு உடைக்கும் ரகசியம் இனி யாருக்கும் பயன்படாது, சொல்லிவிடுகிறேன். இதை நான் பினாங்கில் கற்கவில்லை. ஊர் ஊராக வித்தை காட்டிக்கொண்டு வந்த ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சீமை ஓட்டை ரைஸ்மில் பாய்லர் மேல் பத்து நாள் வைத்துக் காய விட வேண்டும். ஈரம் சுத்தமாக வற்றி, பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். அடுக்கும்போது ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் பென்சில் துண்டு வைக்க வேண்டும். அப்புறம் மேல் ஓடு உடைந்து, அது விழுகிற வேகத்திலேயே கீழ் ஓடும் உடையும். நாம் பெரிதாகக் கத்தினால் போதும்.

ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் என்னை ஓடு உடைக்கக் கூப்பிட்டார்கள். பெருந்தன்மையைக் காட்ட வேண்டாமா? முத்தையாவும் மிச்சமிருந்த ஐந்து பேரும் வந்து பழகிக் காட்டட்டும் என்று சொல்லி அனுப்பினேன். வந்தார்கள். வெறுங்காலோடு மண் தரையில் அழகாகச் செய்தார்கள். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. சத்தமே வராத வித்தைக்கு யார் கை தட்டுவார்கள்? பிறகு நான் மேடை ஏறி ஒரு கத்துக் கத்தி ஐந்து ஓட்டைப் பிளந்தேன். விசில் பறந்தது. மைக் பிடித்திருந்தவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "மலேசியா மாஸ்டர் ஐந்து! சின்னாளபட்டி மாஸ்டர் எத்தனை?" என்று விட்டார் பாருங்கள், கூட்டமும் கூடச் சேர்ந்து கத்தியது.

முத்தையா அதுவரை ஓட்டைத் தொட்டதில்லை. "வீட்டு மேல வேயிற சாமானை எதுக்குலே ஒடைக்கணும்" என்பவன். ஆனால் அவனோடு வந்த ஐந்து பேர் முகத்திலும் ஈயாடவில்லை. அவர்களைப் பார்த்தான். மேடை ஏறினான். யாரோ கூரை வேலைக்காகச் சுவரோரம் அடுக்கியிருந்த ஓட்டில் மூன்றைத் தூக்கி வந்து அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். முந்தின நாள் பெய்த மழையில் ஊறிப்போன ஓடு. நடுவில் பென்சில் இல்லை. என் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. "வேண்டாம்டா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஏன் வேண்டாம் என்று அவன் கேட்பான், என் குட்டு உடையும். முத்தையா என் பக்கம் திரும்பி, "அங்க இப்படித்தான அடிப்பாங்க?" என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன்.

ஓடு உடையவில்லை. கை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, மைக்காரர் "நல்ல முயற்சி" என்று கை தட்டச் சொன்னார். முத்தையா வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, வேர்த்துக் கொட்டுகிற முகத்தோடு கீழே இறங்கினான். இறங்கும்போது தன் ஆட்களிடம் அவன் சொன்னது இதுதான்: "அந்த ஓட்ட எடுத்த எடத்துல பதனமா வச்சிருங்கப்பா. பள்ளிக்கூடத்து ஓடு."

சாத்துக்குடி

தறியில் வலது கைதான் கயிற்றைச் சுண்டி, குறுக்கு நூல் போடுகிற நாடாவை ஓட வைக்க வேண்டும். முத்தையாவுக்கு அந்தக் கையில் இரண்டு எலும்பு போயிருந்தது. கல்யாண சீசன், பாதிச் சேலை தறியில் நிற்கிறது. நான் ஒரு பை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். வாசலிலேயே தறிச் சத்தம் கேட்டது. அவன் மனைவி செல்வி தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். அவன் கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் உட்கார்ந்து, அறுந்த இழையை இடது கையால் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"வாலே சந்திரா" என்றான், எப்போதும் போல. ஒரு குறையும் சொல்லவில்லை. நான்தான் உட்கார முடியாமல் தவித்தேன். செல்வி தறியை நிறுத்தி மோர் கொண்டுவந்து வைத்தாள். அவள் கேட்டது நிஜமாகவே தெரியாமல் கேட்டதா, குத்திக் கேட்டதா என்று இன்று வரை எனக்குத் தெரியாது: "அண்ணே, மலேசியாவுல இப்பிடிக் கை ஒடிஞ்சா என்ன வைத்தியம் பாப்பாங்க? போயிட்டு வந்தவங்க, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

இடது கைக் கூட்டம்

கை கூடியது, ஆனால் நடுவிரல் வளைந்தபடியே நின்றுவிட்டது. முத்தையா மறுபடியும் தெருவில் இறங்கினான். கட்டுப் போட்டிருந்த நாட்களில் எல்லாவற்றையும் இடது கையால்தான் செய்து காட்டினான். அவனோடு நின்ற ஐந்து பேரும் அவன் காட்டுவதை அப்படியே செய்கிறவர்கள். அவன் கை சரியான பிறகும் அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. சின்னாளபட்டி ஆட்கள் எல்லோருமே இடது கையை முதலில் நீட்டுகிறவர்களாக ஆகிப்போனார்கள்.

மதுரையில் ஒரு போட்டி நடந்தது. நான் போர்டுக்கு ஏற்ற ஆர்ப்பாட்டத்தோடு எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். முத்தையா ஐந்து பேரோடு வந்தான். என் ஆட்களுக்கு எதிராளியின் அடி எந்தப் பக்கமிருந்து வருகிறதென்றே புரியவில்லை. கால் சத்தமும் கேட்காது, கையும் மாறி வரும். எட்டுப் பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு நடுவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்து விசாரித்தார்: "இது எந்த நாட்டு ஸ்டைல் சார்? ஒங்களுக்குத்தான் ஃபாரின் விவரம் தெரியும்."

வாங்க மாஸ்டர்

அந்தக் கேள்விக்கு நடுவரிடம் ஏதோ சொல்லி மழுப்பினேன். ஆனால் மறுநாள் காலையில் சின்னாளபட்டிக்குப் போனேன். பாவுக்குப் பக்கத்தில் பயிற்சி முடிந்து, முத்தையா தெருக்குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாய்லரில் காய்ந்த ஓடு, பென்சில் துண்டு, பச்சை பெல்ட், கறுப்பு பெயின்ட் எல்லாம். அவன் அசரவில்லை. "பச்சைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்லே. நீ நிக்கிறதுலயே தெரிஞ்சுச்சு. பொழப்புன்னு விட்டுட்டேன்" என்றான். எனக்கு அழுகை வந்தது. கடைசியாக, லிம் சொன்னதையும் சொன்னேன்.

அப்போதுதான் அவன் கை நின்றது. குழாயில் தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "இன்னொரு தடவை சொல்லு" என்றான். சொன்னேன். செல்வியைக் கூப்பிட்டான், அவளுக்கு முன்னாலும் ஒரு தடவை சொல்லச் சொன்னான். "உன் கால் மாதிரி இங்கே யாருக்கும் இல்லை, ஊரில் சொல்லிக் கொடுத்த ஆளை விட்டுவிட்டு இங்கே எதுக்கு வந்தாய் என்று கேட்டார்" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னேன். அவன் தன் வளைந்த விரலைப் பார்த்துக்கொண்டே, ரொம்ப மெதுவாகச் சொன்னான்: "இத நீ பெட்டி பிரிச்ச அன்னைக்கே சொல்லியிருந்தா, அந்த மைக்காரன் கேட்டப்ப நான் பாட்டுக்குச் சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்."

கோபப்பட்டு இரண்டு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விடவில்லை. நான் போர்டைக் கழற்றி, வந்தவர்களையெல்லாம் அவனிடமே போகச் சொல்லிவிட்டு, பழையபடி பட்டறையில் அரம் போட உட்கார்ந்தேன். கணேசனும் அவனோடு வந்த ஐந்து பேரும் பாவுக்குப் பக்கத்தில் வரிசையில் போய் நின்றார்கள். அடுத்த மாதம் நானும் போனேன், பழைய இடத்தில் பன்னிரண்டாவது ஆளாக நிற்கலாம் என்று. ஏலே, வாலே, சந்திரா என்று ஒருமையில் தவிர வேறு விதமாக என்னிடம் பேசியே அறியாத முத்தையா, பயிற்சியை நிறுத்திவிட்டு, சுவரோரம் கிடந்த முக்காலியைத் தானே எடுத்துத் துண்டால் தட்டிப் போட்டான்: "வாங்க மாஸ்டர், ஒக்காருங்க."

பினாங்கிலிருந்து ஊருக்கே சாமான் கொண்டு வந்து கொடுத்த நான், முத்தையாவுக்கென்று லிம் கொடுத்தனுப்பிய ஒரே ஒரு சாமானைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டேன். திண்டுக்கல்காரன் போட்ட பூட்டு, திறக்க நேரமாகிவிட்டது.